மடிக்கணினிப் பயன்பாடும் பராமரிப்பும்

மடிக்கணினி என்பது திரை, விசைப்பலகை, தொடுதிண்டு, மின்கலம் ஆகிய அனைத்தையும் ஒரே உடலில் கொண்டு, மடித்து எடுத்துச் செல்லத்தக்கதாக அமைக்கப்பட்ட தனியாள் கணினி ஆகும். இது குறிப்பேட்டுக் கணினி என்றும் அழைக்கப்படும். இலங்கைத் தமிழ் வழக்கில் மடிக்கணனி என எழுதுவோரும் உளர்.

மேசைக் கணினியில் பழுதான உறுப்பை மட்டும் கழற்றி மாற்றுவது எளிது. மடிக்கணினியிலோ உறுப்புகள் குறுகிய இடத்தில் நெருக்கமாகப் பொருத்தப்பட்டுள்ளன. பல மாதிரிகளில் செயலியும் நினைவகமும் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆகவே வெப்பம், ஈரம், தூசி, அதிர்ச்சி, சீரற்ற மின்வழங்கல் ஆகிய ஐந்தும் இதன் ஆயுளைப் பெரிதும் பாதிக்கின்றன. எனினும் மடிக்கணினியின் உறுப்புகளைப் பணம் செலுத்தி மாற்றிவிடலாம். அதில் சேமித்த கோப்புகளை அவ்வாறு திரும்பப் பெற இயலாது. எனவே கோப்புகளுக்குக் காப்புநகல் எடுத்து வைப்பது பராமரிப்பின் முதன்மையான பகுதியாகக் கருதப்படுகின்றது.

வரலாறு

கையில் எடுத்துச் செல்லத்தக்க தனியாள் கணினி பற்றிய கருத்தை அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆலன் கே 1968இல் முன்வைத்தார். 'டைனாபுக்' என்று பெயரிடப்பட்ட அக்கருவி சிறுவர்களின் கல்விக்காக எண்ணப்பட்டது. அது கருத்தளவிலேயே நின்றபோதும் பின்வந்த கருவிகளுக்கு வழிகாட்டியது.

1981இல் வெளிவந்த 'ஆஸ்போர்ன் 1', வணிக வெற்றி பெற்ற முதல் கையடக்கக் கணினிகளுள் ஒன்று. ஏறத்தாழ 11 கிலோகிராம் எடையும் 5 அங்குலத் திரையும் கொண்டிருந்த இதில் மின்கலம் இல்லை. இதனை உருவாக்கிய ஆடம் ஆஸ்போர்ன் தமது இளமைக் காலத்தின் ஒரு பகுதியைத் திருவண்ணாமலையில் கழித்தவர். இவருடைய தந்தையார் ஆர்தர் ஆஸ்போர்ன் இரமண மகரிசியைப் பற்றி நூல்கள் எழுதியவர். ஆடம் ஆஸ்போர்ன் 2003இல் கொடைக்கானலில் காலமானார்.

திரையை விசைப்பலகையின் மீது மடிக்கும் இன்றைய அமைப்பை 1982இல் வெளிவந்த 'கிரிட் காம்பசு' அறிமுகப்படுத்தியது. பில் மொக்ரிட்ஜ் வடிவமைத்த இக்கணினி அமெரிக்க விண்ணோடங்களிலும் பயன்படுத்தப்பட்டது. 1985இல் தோசிபா நிறுவனத்தின் 'டி1100' வெளிவந்தது. 1991இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட 'பவர்புக்' வரிசையில் விசைப்பலகை பின்னுக்குத் தள்ளப்பட்டு, முன்புறம் உள்ளங்கை வைக்க இடம் விடப்பட்டது. இன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலும் இவ்வமைப்பையே பின்பற்றுகின்றன. அதே 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை வணிக முறையில் அறிமுகப்படுத்தியது. எடை குறைந்த மடிக்கணினிகள் பரவலாவதற்கு இம்மின்கலம் முக்கிய காரணமாயிற்று.

முதற்பயன்பாடு

புதிய மடிக்கணினியை முதன்முறையாக இயக்கும்போது கீழ்க்காணும் பணிகளை வரிசையாகச் செய்வது நன்று.

* வாங்கிய சீட்டு, உத்தரவாத அட்டை, கருவியின் வரிசை எண் ஆகியவற்றைக் கணினிக்கு வெளியே ஓரிடத்தில் குறித்து வைத்தல். கணினி களவு போனாலோ பழுதானாலோ இவை தேவைப்படும்.
* மின்னேற்றியை இணைத்த பின்னர் கணினியை இயக்குதல். தொடக்க அமைப்பின் இடையில் மின்சாரம் தீர்ந்து கணினி நின்றுவிடுவதை இது தவிர்க்கும்.
* மொழி, நாடு, நேர வலயம், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை அமைத்தல்.
* இணையத்துடன் இணைத்து இயங்குதளத்தை இற்றைப்படுத்துதல். கடையில் இருந்த காலத்தில் வெளிவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் அப்போதுதான் நிறுவப்படும்.
* தேவையற்ற முன்னிறுவிய மென்பொருள்களை நீக்குதல்.

புதிய கணினியை முதலில் எட்டு மணிநேரம் மின்னேற்ற வேண்டும் என்ற கருத்து இன்றும் பரவலாக உள்ளது. இது பழைய நிக்கல் வகை மின்கலங்களுக்கு உரிய நடைமுறை ஆகும். லித்தியம் அயனி மின்கலத்திற்கு இது தேவையில்லை.

சில இயங்குதளங்கள் தொடக்க அமைப்பின்போதே சேமிப்பு வட்டைத் தாமாகவே மறையாக்கம் செய்கின்றன. கணினி களவு போனால் பிறர் கோப்புகளைப் படிக்க இயலாமல் இது தடுக்கின்றது. ஆனால் சில பழுதுகளுக்குப் பின்னர் வட்டைத் திறக்க மீட்புச் சாவி எனப்படும் நீண்ட எண் கேட்கப்படும். அச்சாவி இல்லையெனில் உரிமையாளராலும் தம் கோப்புகளைப் பெற இயலாது. எனவே அதனைத் தாளில் எழுதி வேறிடத்தில் வைத்தல் இன்றியமையாதது.

தமிழ் உள்ளீடு

தற்கால இயங்குதளங்களில் தமிழ் எழுத்துருவும் தமிழ் விசைப்பலகையும் உள்ளிணைக்கப்பட்டுள்ளன. மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் போதுமானது. தமிழ்99 விசைப்பலகை, 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசால் ஏற்கப்பட்டது. இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ஆங்கில ஒலிப்பின்படி தட்டச்சு செய்யும் முறையும் பரவலாகப் பயன்படுகின்றது.

கோப்புகளை ஒருங்குறியில் சேமிப்பது பாதுகாப்பானது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது; 2010இல் தமிழ்நாடு அரசும் அதனை ஏற்றது. அதற்கு முன்னர் தனித்தனி எழுத்துருக் குறியேற்றங்களில் தட்டச்சிட்ட கோப்புகள், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும்.

மின்வழங்கல்

இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட் ஆகும். பேச்சுவழக்கில் சார்ஜர் எனப்படும் மின்னேற்றி, இதனை ஏறக்குறைய 20 வோல்ட் அளவிலான நேர்மின்னோட்டமாக மாற்றிக் கணினிக்கு அளிக்கின்றது. பெரும்பாலான மின்னேற்றிகள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கவல்லவை. எனவே வெளிநாடு செல்வோர்க்குச் செருகி மாற்றி மட்டுமே தேவைப்படும்.

வேறு மின்னேற்றியைப் பயன்படுத்த நேர்ந்தால் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: வெளியீட்டு வோல்ட் அளவு ஒன்றாக இருத்தல், ஆம்பியர் அளவு மூல மின்னேற்றியை விடக் குறையாதிருத்தல், செருகுமுனையின் வடிவும் முனைவும் பொருந்துதல். யூ.எஸ்.பி சி வகை மின்னேற்றிகள் தேவையான வோல்ட் அளவைக் கணினியுடன் தாமே உறுதிசெய்துகொள்கின்றன. எனினும் அவற்றின் வாட்டு அளவு போதாவிடில் மின்னேற்றம் மெதுவாக நடைபெறும், அல்லது நடைபெறாது.

உலோக உடல் கொண்ட மடிக்கணினியை மின்னேற்றும்போது கையில் இலேசான கூச்சம் உணரப்படுவதுண்டு. நில இணைப்பு இல்லாத இருமுனைச் செருகியைப் பயன்படுத்துவதோ, சுவரிலுள்ள பொருத்துவாயில் நில இணைப்பு சரியாக இல்லாததோ இதற்குப் பொதுவான காரணம் ஆகும். மூன்றுமுனைச் செருகியையும் முறையான நில இணைப்பையும் பயன்படுத்தினால் இது பெரும்பாலும் நீங்கும். கூச்சம் வலுவாக இருந்தால் பயன்பாட்டை நிறுத்தி மின்னேற்றியைச் சோதிக்க வேண்டும்.

இடி மின்னலின்போது மின்னேற்றியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுதல் நன்று. மின்வெட்டு ஏற்படும் இடங்களில் மடிக்கணினியின் மின்கலமே தடையிலா மின்வழங்கியாகப் பணிபுரிகின்றது. மின்கலம் முற்றிலும் செயலிழந்த மடிக்கணினி இந்தப் பாதுகாப்பை இழந்துவிடுவதால், மின்சாரம் நின்றவுடன் சேமிக்காத பணிகள் அழிந்துவிடும்.

மின்கலம்

மின்கலத்தின் கொள்ளளவு வாட்-மணி என்னும் அலகால் குறிக்கப்படும். 50 வாட்-மணி கொண்ட மின்கலம், 10 வாட்டு செலவிடும் கணினியை ஏறத்தாழ 5 மணிநேரம் இயக்கும். அதே கணினி காணொளித் தொகுப்பு போன்ற கடினமான பணியில் 25 வாட்டு செலவிட்டால் 2 மணிநேரமே இயங்கும். திரையின் ஒளியைக் குறைப்பது, மின்கல நேரத்தை நீட்டிக்கும் எளிய வழிகளுள் ஒன்று.

லித்தியம் அயனி மின்கலம் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிடினும் காலப்போக்கில் கொள்ளளவை இழக்கும். இதனை விரைவுபடுத்தும் காரணிகள் இரண்டு: மிகை வெப்பம், நெடுநேரம் முழு மின்னேற்றத்தில் இருத்தல். இவ்விரண்டும் ஒன்றுசேரும்போது பாதிப்பு மிகுதி. எனவே கீழ்க்காணும் வழக்கங்கள் பரிந்துரைக்கப்படுகின்றன.

* எப்போதும் மின்னிணைப்பிலேயே வைத்துப் பயன்படுத்துவோர், மின்னேற்றத்தை ஏறக்குறைய 80 விழுக்காட்டில் நிறுத்தும் அமைப்பு கணினியில் இருப்பின் அதனை இயக்கலாம்.
* அடிக்கடி முழுமையாக வடியவிடுதலைத் தவிர்க்க வேண்டும்.
* பல வாரங்கள் பயன்படுத்தாமல் வைப்பதாயின், ஏறத்தாழப் பாதி மின்னேற்றத்தில் அணைத்துக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். முற்றிலும் வடிந்த நிலையில் பல மாதங்கள் கிடந்த மின்கலம் மீண்டும் மின்னேற்றம் பெறாமற்போகலாம்.

மின்கலம் வீங்குதல் ஓர் ஆபத்தான அறிகுறி ஆகும். தொடுதிண்டு மேலெழும்புதல், மூடி சரியாக மூடாதிருத்தல், மேசையில் வைத்தால் கணினி ஆடுதல் ஆகியவற்றால் இதனை அறியலாம். அவ்வாறாயின் கணினியை அணைத்து மின்னேற்றத்தை நிறுத்திவிட வேண்டும். வீங்கிய மின்கலத்தை அழுத்துவதோ துளையிடுவதோ தீப்பற்றுதலுக்கு வழிவகுக்கும். தயாரிப்புக் குறைகளாலும் இத்தகைய ஆபத்து நேர்வதுண்டு. 2006இல் தீப்பற்றும் அபாயம் காரணமாக டெல் நிறுவனம் சோனி தயாரித்த கலங்கள் கொண்ட ஏறத்தாழ 41 இலட்சம் மடிக்கணினி மின்கலங்களைத் திரும்பப் பெற்றது.

வெப்பம்

செயலியில் தோன்றும் வெப்பம் செப்புக் குழாய் வழியே கடத்தப்பட்டு, சிறிய மின்விசிறியால் வெளியேற்றப்படுகின்றது. பல மாதிரிகளில் காற்று அடிப்புறத்துளைகள் வழியே உள்ளிழுக்கப்படும். மெத்தை, தலையணை, போர்வை ஆகியவற்றின் மீது வைத்தால் அத்துளைகள் அடைபடும். அப்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைக்கும். வெப்பம் மேலும் உயர்ந்தால் கணினி தானே அணைந்துவிடும். காரணமின்றிக் கணினி மெதுவாக இயங்குவதாகத் தோன்றும் பல நேரங்களில் உண்மைக் காரணம் வெப்பமே ஆகும். கடினமான, சமமான பரப்பின் மீது வைத்தல் இதற்கு எளிய தீர்வு.

பல மடிக்கணினிகளுக்கு 35 பாகை செல்சியசு வரையிலான சுற்றுப்புற வெப்பமே ஏற்றதென்று அவற்றின் கையேடுகளில் குறிக்கப்பட்டிருக்கும். வேலூர், திருச்சி, மதுரை போன்ற ஊர்களில் கோடை நண்பகலில் வெப்பநிலை இதனைக் கடந்துவிடுகின்றது. வெயிலில் நிறுத்திய மகிழுந்தினுள் வெப்பம் இன்னும் மிகுதி. அங்கு மடிக்கணினியை விட்டுச் செல்லலாகாது.

உறக்கநிலையில் உள்ள கணினியைப் பையில் இட்டுச் செல்வதும் வெப்பத்துக்குக் காரணமாகலாம். சில கணினிகள் பைக்குள்ளேயே தாமாக விழித்து இயங்கி, காற்றோட்டமின்றிச் சூடேறுகின்றன. நெடும்பயணத்துக்கு முன் முற்றிலும் அணைப்பதே சிறந்தது.

ஈரமும் சிந்திய நீர்மங்களும்

விசைப்பலகையின் மீது தண்ணீரோ தேநீரோ சிந்தினால் அடுத்த சில நொடிகளில் செய்வதைப் பொறுத்தே கணினியின் நிலை அமையும். நீர் மட்டுமன்றி, நீர் இருக்கும்போது பாயும் மின்சாரமே சுற்றுகளைப் பெரிதும் சிதைக்கின்றது.

* மின்னேற்றி நனைந்திருந்தால் முதலில் சுவரிலுள்ள நிலைமாற்றியை அணைத்து, பின்னரே அதனைக் கழற்ற வேண்டும்.
* ஆற்றல் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை உடனே அணைக்க வேண்டும். கோப்பைச் சேமிக்கக் காத்திருக்கலாகாது.
* கழற்றத்தக்க மின்கலமாயின் அதனை நீக்க வேண்டும்.
* திரையை விரித்து, கூடாரம் போலக் கவிழ்த்து வைத்து நீர் வடியவிட வேண்டும்.
* இயங்குகின்றதா என்று பார்ப்பதற்காக மீண்டும் இயக்கலாகாது. தலையுலர்த்தியின் வெப்பக்காற்றைச் செலுத்துவதும் தவறு.

அரிசிப் பானைக்குள் வைத்தால் ஈரம் உறிஞ்சப்படும் என்பது நம்பத்தக்க முறையன்று. அரிசித்தூள் துளைகளுள் புகவும் கூடும். பாலும் சருக்கரையும் கலந்த தேநீர், உப்புநீர் ஆகியவை உலர்ந்த பின்னரும் படிவாகத் தங்கி உலோகத்தை அரிக்கின்றன. எனவே அத்தகைய நேர்வில் கணினி இயங்குவதுபோல் தோன்றினாலும் அதனைத் திறந்து தூய்மை செய்விக்க வேண்டும்.

குளிரூட்டிய அறையிலிருந்து ஈரப்பதம் மிக்க வெளிப்புறத்துக்குக் கொண்டு செல்லும்போது கணினியின் மீது நீர்த்துளிகள் படிவதுண்டு. அவை உலரும் வரை காத்திருந்து இயக்க வேண்டும்.

தூய்மை

தூய்மை செய்யுமுன் கணினியை அணைத்து மின்னிணைப்பைக் கழற்ற வேண்டும். திரையை நுண்ணிழைத் துணியால் மென்மையாகத் துடைக்கலாம். தேவைப்படின் துணியைத் தண்ணீரில் இலேசாக நனைக்கலாம். திரையின் மீது நேரடியாக எதையும் தெளிக்கலாகாது. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு நீர்மங்கள் திரையின் மேற்பூச்சைக் கெடுக்கும்.

விசைகளின் இடையே விழும் உணவுத் துணுக்குகள் எறும்புகளை ஈர்க்கும். கணினியைச் சாய்த்து மென்தூரிகையால் அவற்றை அகற்றலாம். காற்றுத் துளைகளில் படிந்த தூசியை ஊதி நீக்கும்போது விசிறியின் இதழ்கள் சுழலாதவாறு பிடித்துக்கொள்ள வேண்டும். அளவுமீறிய வேகத்தில் சுழன்றால் விசிறி பழுதடையக்கூடும்.

எடுத்துச் செல்லுதல்

திரையைப் பிடித்துக் கணினியைத் தூக்கலாகாது. இரு கைகளாலும் அடிப்பகுதியைப் பிடித்தே தூக்க வேண்டும். மூடியை ஒரு மூலையில் பிடித்துத் திறப்பதைவிட நடுவில் பிடித்துத் திறப்பது கீலுக்கு நல்லது. விசைப்பலகையின் மீது எழுதுகோலோ காதணிபாடியோ இருக்கும்போது மூடினால் திரை உடையும்.

வன்தட்டு கொண்ட கணினிகள் அதிர்ச்சிக்கு மிக எளிதில் ஆட்படும். அவற்றின் தட்டுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல, படிப்புமுனை அவற்றை மிக நுண்ணிய இடைவெளியில் கடந்து செல்கின்றது. இயங்கும்போது கீழே விழுந்தால் படிப்புமுனை தட்டில் மோதித் தரவு அழியலாம். திண்மநிலை வட்டில் அசையும் உறுப்புகள் இல்லாததால் இந்த ஆபத்து இல்லை.

வானூர்திப் பயணத்தில் 100 வாட்-மணி வரையிலான மின்கலம் கொண்ட கணினியைக் கைப்பையில் எடுத்துச் செல்லலாம். உதிரி மின்கலங்களைச் சரக்குப் பொதியில் வைப்பதற்கு அனுமதி இல்லை.

கோப்புகளின் பாதுகாப்பு

கோப்புகள் வட்டுப் பழுது, களவு, தவறான நீக்கம், தீநிரல் ஆகிய நான்கு வழிகளில் பெரும்பாலும் அழிகின்றன. வன்தட்டு பழுதாகுமுன் சில வேளைகளில் ஒலியெழுப்பி எச்சரிக்கும். திண்மநிலை வட்டு முன்னறிவிப்பின்றி நின்றுவிடக்கூடும். அதில் நீக்கிய கோப்புகளை மீட்பதும் பெரும்பாலும் அரிது.

காப்புநகலுக்கு 3-2-1 என்னும் விதி பரவலாகப் பின்பற்றப்படுகின்றது. அதாவது முக்கியமான கோப்புக்கு மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இரண்டு வகை ஊடகங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, ஆய்வேடு எழுதும் மாணவர் கணினியில் ஒன்றும், புறவட்டில் ஒன்றும், இணையச் சேமிப்பகத்தில் ஒன்றும் வைக்கலாம். காப்புநகலைக் கணினிப் பையிலேயே வைத்தால் இரண்டும் ஒன்றாகவே களவு போகும். காப்புநகலிலிருந்து ஒரு கோப்பையேனும் அவ்வப்போது திறந்து பார்த்துச் சரிபார்த்தல் வேண்டும்.

இற்றைப்படுத்தலும் பாதுகாப்பின் பகுதியே. 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்னும் பணயத் தீநிரல் பல நாடுகளிலும் பரவிக் கோப்புகளை மறையாக்கம் செய்து பணம் கேட்டது. அது நுழைந்த பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதனை நிறுவாத கணினிகளே பெரிதும் பாதிக்கப்பட்டன. விண்டோசு 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது.

உடல்நலம்

மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் இணைந்திருப்பதால், கை வசதியான நிலையில் இருந்தால் கழுத்து குனிய நேரிடும். நெடுநேரம் பயன்படுத்துவோர் கணினியை உயர்த்தி வைத்து, தனி விசைப்பலகையும் சுட்டியும் இணைத்துக்கொள்வது பரிந்துரைக்கப்படுகின்றது. சூடான கணினியை நாள்தோறும் தொடையின் மீது வைத்துப் பயன்படுத்துவோர்க்குத் தோலில் வலைபோன்ற நிறமாற்றம் தோன்றியமை மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது.

தமிழ்நாட்டில் மடிக்கணினி

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இதன்கீழ் மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. கணினிகளைக் கொள்முதல் செய்யும் பணியை எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் மேற்கொண்டது. மாணவர் பலருக்கு இதுவே வீட்டின் முதற்கணினியாக அமைந்தது. வீட்டில் கேட்டறிய எவரும் இல்லாத இத்தகைய பயனர்களுக்குத் தமிழில் அமைந்த பராமரிப்புக் குறிப்புகள் சிறப்பாகப் பயன்படும்.

பழைய கணினியும் மின்கழிவும்

மெதுவாக இயங்கும் பழைய மடிக்கணினியைக் கைவிடுமுன் சில மாற்றங்களைச் செய்து பார்க்கலாம். வன்தட்டுக்கு மாற்றாகத் திண்மநிலை வட்டைப் பொருத்துவது பெரும்பாலும் கண்கூடான வேகத்தைத் தரும். நினைவகத்தைக் கூட்டுதல், வெப்பக்கடத்திப் பசையைப் புதுப்பித்தல், எளிய லினக்சு இயங்குதளம் ஒன்றை நிறுவுதல் ஆகியவையும் பயன்தரும்.

பழுதுபார்க்கக் கொடுக்குமுன் காப்புநகல் எடுக்க வேண்டும். விற்பதற்கோ கைவிடுவதற்கோ முன் வட்டிலுள்ள தரவை மீளப்பெற இயலாதவாறு அழிக்க வேண்டும். கோப்புகளைக் குப்பைத்தொட்டிக்கு நகர்த்துவது மட்டும் போதாது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகளும் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளும் நடைமுறையில் உள்ளன. லித்தியம் மின்கலத்தை வீட்டுக் குப்பையுடன் சேர்த்தால், அது நசுங்கித் தீப்பற்றக்கூடும். பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடமே அதனை ஒப்படைத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* தனியாள் கணினி
* லித்தியம் அயனி மின்கலம்
* திண்மநிலை வட்டு
* தமிழ்99
* மின்கழிவு